கனம் குறையக் கூடாது

சற்றே நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதி முடித்திருக்க வேண்டிய நாள்களில் இதை எழுதுகிறேன். நெறியாளர் கண்ணில் பட்டால் பொறுத்தருள வேண்டும்.

கடந்த மாதம் என் கைக்கு ஒரு கித்தார் வந்து சேர்ந்தது. கடையில் வாங்கியதன்று. நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ஒரு சிறு பட்டறையில், எனக்கென அளவெடுத்து, ஒருவர் தம் கையால் செய்து தந்தது. ஓணம் முடிந்த வாரத்தில் முன்பணம் கொடுத்தேன். மறு ஆண்டு இடவப்பாதி மழை தொடங்குமுன் வாங்கி வந்தேன். விடுதியில் அதைக் கண்டவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். எவ்வளவு ஆயிற்று? எதற்கு? முதல் கேள்விக்கு விடை எளிது: ஏறத்தாழ இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை. இரண்டாவதற்கு விடை சொல்லத் தொடங்கியபோதுதான், நான் சொல்ல வேண்டியது கித்தாரைப் பற்றி மட்டுமன்று, நம் துறையைப் பற்றியும்தான் என்று தோன்றியது.

முதலில் காரணம். எனக்குச் சிறிய கைகள். கடைகளில் கிடைக்கும் எஃகு நரம்புக் கித்தார்களில் பெரும்பாலானவற்றில் மேல்முனைக் கட்டையிலிருந்து குதிரை வரையிலான நரம்பின் நீளம் ஏறத்தாழ 648 மில்லிமீட்டர். மெட்டுகள் அமையும் இடங்கள் இந்த நீளத்தாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. ஒரு சுருதித்தானத்தைப் பன்னிரண்டு சமப் பகுதிகளாக வகுக்கும் முறையில், நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் வகுத்தால் அடுத்த மெட்டு. இவ்வாறு கணக்கிட்டால் முதல் நான்கு மெட்டுகளும் அடங்கும் பரப்பு 648 மில்லிமீட்டர்க் கித்தாரில் ஏறத்தாழ 134 மில்லிமீட்டர். 628 மில்லிமீட்டர்க் கித்தாரில் ஏறத்தாழ 130. வேறுபாடு நான்கு மில்லிமீட்டர்தான். பள்ளி நாள்களிலிருந்து என் சுண்டுவிரல் எட்டாமல் போனது அந்த நான்கு மில்லிமீட்டரில்தான். பத்தாண்டுகளாக அதை என் பயிற்சிக் குறை என்றே எண்ணியிருந்தேன். யாரோ ஒருவருடைய கையை அளவாகக் கொண்டு செய்த பொருளுக்கு என் கை பொருந்தாதது குறையன்று என்பதை அறிய இத்தனை காலம் ஆயிற்று.

இரண்டாவது காரணம் இசை. நான் கித்தாரில் வாசிக்க விரும்புவது பெரும்பாலும் தமிழ்ப் பாட்டு. நம் இசையில் ஒரு சுரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அசையும், வழுக்கும், அடுத்த சுரத்தைத் தொட்டுத் திரும்பும். வீணையில் மெட்டின் மேல் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து இதைச் செய்கிறோம். கித்தாரின் மெட்டுப் பலகை அதற்கு இடம் கொடுக்கும்படி அமைந்ததன்று.

இந்தச் சிக்கலைச் சந்தித்தவர்களில் நான் முதலாமவளும் அல்லள். 1970களில் ‘சக்தி’ குழுவில் எல். சங்கரோடும் விக்கு விநாயக்ராமோடும் ஜாகிர் உசேனோடும் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், தமக்கென ஒரு கித்தாரைச் செய்வித்துக்கொண்டார். மெட்டுகளுக்கு இடையிலான மரம் குடைந்து எடுக்கப்பட்டது. விரல் மரத்தைத் தொடாமல் நரம்பை அழுத்தவும் இழுக்கவும் அது இடம் தந்தது. முதன்மை நரம்புகளுக்குக் கீழே, குறுக்காக, உடனொலிக்கும் நரம்புகள் தனியே கட்டப்பட்டன. கிப்சன் நிறுவனத்தின் பொருட்டு அதில் உழைத்தவர் ஆபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர். நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. மெக்லாஃப்லின் வீணை பயின்றது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், முனைவர் எஸ். இராமநாதனிடம். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற அதே இராமநாதன்தான். ஒரு தமிழ் ஆய்வாளரின் வகுப்பறைக்கும் ஓர் அமெரிக்கப் பட்டறைக்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இனி மரம். கித்தாரின் முகப்பலகைக்கு ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரமே பெரிதும் பயன்படுகிறது, எனக்கும் அதுவே. பின்பலகைக்கும் பக்கப்பலகைகளுக்கும் என்ன மரம் என்பதில்தான் வாங்குவோர் மனம் அலைபாயும். உலகெங்கும் பெருமையோடு பேசப்படும் ‘இந்தியன் ரோஸ்வுட்’ நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். தமிழில் தோதகத்தி, ஈட்டி, மலையாளத்தில் ஈட்டி, வீட்டி, கன்னடத்தில் பீட்டெ. தமிழ், மலையாளச் சொன்முதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரமாக வருவதை மொழியியல் மாணவர் அனைவரும் அறிவர்: வேர், பேரு, வில், பில்லு. வீட்டி, பீட்டெ என்பதும் அந்த வரிசையில் உட்காருகிறது. மலையின் இருபுறத்தாரும் ஒரே மரத்தை நெடுங்காலமாக ஒரே சொல்லால் அழைத்து வந்துள்ளனர்.

அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைக் கைவிட்டு நம் ஈட்டிக்கு மாறியது. அதன் பின் அரைநூற்றாண்டாக எண்ணற்ற கித்தார்களின் முதுகு நம் மலையிலிருந்தே போனது. 2017 சனவரியில் ‘டால்பெர்ஜியா’ பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; 2019இன் இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நம் மாநிலத்தில், வயநாட்டு முட்டில் பகுதியில், ஓர் அரசாணையைத் தவறாகப் பயன்படுத்தி நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டு, பெரும் வழக்காயிற்று. தமிழ்நாட்டில் தோதகத்தியைக் காப்பதற்கெனவே 1990களில் தனிச்சட்டம் இயற்றினார்கள். சட்டம் இயற்றிக் காக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட மரத்தை என் மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இருந்தது.

அந்தக் கேள்விக்கு அறிவியலும் துணை நின்றது. நவீனக் கித்தாரின் வடிவத்தை வகுத்த ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ், 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே செய்து ஒரு கித்தாரை உருவாக்கினார். ஓசையை ஆளுவது முகப்பலகையே என்று காட்டுவதற்காக. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றும் குறிப்பிடத் தக்கது. பின்பக்க மரம் தவிர மற்ற அனைத்திலும் ஒத்த ஆறு கித்தார்களைச் செய்வித்து, எது எந்த மரம் என்று பார்க்க இயலாதபடி 52 கலைஞர்களிடம் வாசிக்கக் கொடுத்தனர். அரிய பிரேசில் மரத்துக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் அளித்த மதிப்பீட்டில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே நான் பலாவைக் கேட்டேன். தஞ்சாவூர் வீணைக்கு உடம்பாகும் மரம். பண்ருட்டியிலும் கேரளத்துத் தோட்டங்களிலும் வளரும் மரம். எங்கள் நாஞ்சில் நாட்டுப் பேச்சில் ‘பிலா’, இங்கே ‘ப்லாவு’. பட்டறைக்காரருக்கு அதில் மகிழ்ச்சி. அவருடைய தந்தையார் வீட்டு வேலை செய்த தச்சர். பலாவின் குணம் இவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

பட்டறையில் முதல் நாள் அவர் என்னிடம் கேட்ட கேள்வி, எத்தகைய ஓசை வேண்டும் என்பது. மொழியியலில் முதுகலை முடித்தவள். ஒலியியல் ஆய்வகத்தில் ஒலிநிரல் படங்களைப் பார்த்தே உயிரெழுத்தைச் சொல்லிவிடுபவள். எனக்கு வாய் வரவில்லை. இணையத்தில் கித்தார்க்காரர்கள் புழங்கும் சொற்கள் இரண்டு நாவில் வந்தன: ‘வார்ம்’, ‘பிரைட்’. ஒன்று வெப்பத்தைக் குறிப்பது, மற்றது வெளிச்சத்தைக் குறிப்பது. இரண்டும் காதுக்கு உரியவையல்ல. அவற்றைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். பிறகு இரண்டு ஸ்ப்ரூஸ் பலகைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஓரத்தில் இரண்டு விரல்களால் தொங்கப் பிடித்து, நடுவில் முட்டியால் தட்டினார். ஒன்று ‘மிண்டுந்ந’ மரம், மற்றது ‘மிண்டாத்த’ மரம் என்றார். பேசும் மரம், பேசா மரம். ‘மிண்டாதே’ என்று எங்கள் ஊரில் பிள்ளைகளை அடக்குவார்கள், அதே சொல். தொடர்ந்து, முழக்கம் வேண்டுமா, தெளிச்சம் வேண்டுமா என்று கேட்டார். தட்டிய பின் ஓசை நின்று நிறைவது முழக்கம். ஒவ்வொரு சுரமும் பிறவற்றோடு கலங்காமல் பிரிந்து கேட்பது தெளிச்சம். முழக்கம் கூடினால் தெளிச்சம் குறையக்கூடும் என்றும், இரண்டும் இல்லாவிட்டால் அது ‘அடஞ்ஞ’ ஓசை என்றும் விளக்கினார். தொண்டை கட்டியவரின் குரலை எங்கள் வீட்டில் அடைத்த குரல் என்போம்.

பத்து நிமிடத்தில் நான்கு சொற்கள். ஒன்றையும் அவர் புத்தகத்தில் படித்ததில்லை. நான்கும் தம்முள் வேறுபட்டு, ஒன்றையொன்று வரையறுத்து, ஓர் அமைப்பாக நின்றன. இதைத்தானே நாம் வகுப்பில் சொற்களம் என்று கற்பிக்கிறோம்.

நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அது முதல் பிழை.

இரண்டாவது பிழைக்கு விலை உண்டு. தை மாதத்தில் முகப்பலகையை இழைக்கும் நாள். தென்மேற்குப் பருவ மழையின்போது திருவனந்தபுரத்தின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். அந்நாள்களில் உள்வலுக் கட்டைகளை ஒட்டினால், மரம் ஈரத்தில் பருத்த நிலையிலேயே ஒட்டப்பட்டு, பின்னர் வறண்ட ஊருக்குப் போனதும் சுருங்க இயலாமல் வெடிக்கும். மரம் நார்க்குறுக்கே பருக்கும், சுருங்கும். நார்ப்போக்கில் அவ்வளவாக மாறாது. ஆகவே அந்த வேலைக்கு அவர் வறண்ட மாதங்களைக் காத்திருப்பார். அன்று அவர் பலகையை இழைத்து இழைத்துத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஓசை மெலிந்துவிடுமோ என்று எனக்கு அச்சம். “கனம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சேட்டா” என்றேன். நான் சொன்னது ஓசையின் கனத்தை. தமிழிசையில் கனம் என்ற சொல்லுக்கு உள்ள பெருமிதம் என் மனத்தில் இருந்தது. அவர் சரி என்று இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

பங்குனியில் பெட்டி மூடி, மெருகு பூசுமுன் நரம்பு கட்டிப் பார்த்தோம். ஓசை எழவில்லை. எழுந்ததும் உடனே அமுங்கியது. அடஞ்ஞ ஓசை என்றால் என்னவென்று அன்று முழுமையாக விளங்கியது. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்திருக்கும். அவர் சற்று நேரம் கித்தாரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கனம் குறையருதென்னல்லே மோளு பறஞ்ஞது?” என்றார்.

மலையாளத்தில் ‘கனம்’ முதலில் குறிப்பது தடிமனை. பலகையைக் கையில் வைத்திருக்கும் தச்சரிடம் ‘கனம் குறையக் கூடாது’ என்றால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு: இனி இழைக்காதே. 2.8 மில்லிமீட்டருக்கு இறக்க எண்ணியிருந்த பலகையை என் சொல்லுக்காக 3.2இல் நிறுத்திவிட்டார். வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 3.2ஐ 2.8ஆல் வகுத்து மும்மடியாக்கிப் பாருங்கள், ஏறத்தாழ ஒன்றரை. என் ஒரு சொல்லால் முகப்பலகை ஒன்றரை மடங்கு விறைத்துப் போயிற்று. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்களில் பொருள் விலகியவற்றைப் பற்றி முதுகலையில் ஒரு பருவக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவள் நான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மூடிய பெட்டியின் முகத்தை ஓரங்களில் தேய்த்து மெலிதாக்கலாம் என்றார். ஓசைத்துளை வழியே கையை விட்டு உள்வலுக் கட்டைகளைச் சீவலாம் என்றார். ஆனால் எவ்வளவு, எங்கே என்று முடிவு செய்ய, எனக்கு வேண்டிய ஓசை எது என்பது இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்தாக வேண்டும். முன்பு புழங்கிய சொற்களை இருவருமே நம்பவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது: எங்கள் இருவர் மொழியிலும் மாறாமல் இருப்பவை உயிரெழுத்துகள். வாயறையின் வடிவம் மாறும்போது அதன் ஒத்ததிர்வு மாறுவதால்தான் ஒரே குரல் ‘ஈ’ என்றும் ‘ஓ’ என்றும் கேட்கிறது. கித்தாரும் ஓர் அறை. அதன் உட்காற்றுக்குத் தனி ஒத்ததிர்வு உண்டு, பொதுவாக நொடிக்கு நூறு அதிர்வுகளை ஒட்டி. பலகைக்கு அதற்கும் மேலே. “இப்போது இது ‘ஏ’ என்கிறது, எனக்கு ‘ஓ’ வேண்டும், ‘ஊ’ வரை போகக் கூடாது” என்றேன். அவர் சிரித்தார். பிறகு தட்டினார், தேய்த்தார், மீண்டும் தட்டினார். அன்று மாலை முழுவதும் இரண்டு பெரியவர்கள் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு உயிரெழுத்து ஒப்பித்தோம். அவருடைய பேத்தி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். நான்கு வாரத்தில் ஓசை திறந்தது.

இந்த நிகழ்ச்சியை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இதிலிருந்து நான் வந்தடைந்த கருத்தைத் துறை நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஓசையின் தன்மையைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. பாடநூல் தமிழ் ‘தரம்’ என்றோ ‘பண்பு’ என்றோ சொல்லி நிறுத்திக்கொள்கிறது. உண்மையில் நம் இலக்கண மரபின் தொடக்கத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் இயம்பல், இரங்கல், சிலைத்தல், துவைத்தல் என்பவற்றை ஓசைப் பொருளன என ஒருங்கே வைக்கிறது. அவற்றுள் இரங்கலுக்குக் கழிந்துபோன பொருளை எண்ணி வருந்துதல் என்ற பொருளும் உண்டு என்று தனியே குறிக்கிறது. மீட்டிய நரம்பின் ஓசை மெல்லத் தேய்ந்து போவதைக் கேட்டவர்களுக்கு இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் கூடியது வியப்பாக இராது. யாழின் உறுப்புகளுக்கு, பத்தர், கோடு, திவவு, மாடகம் என, பழைய நூல்களிலும் உரைகளிலும் பெயர்கள் உள்ளன. விபுலாநந்த அடிகள் தம் வாழ்வின் நெடுங்காலத்தைச் செலவிட்டு எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளிவந்தது. இன்று சென்னையில் தருண் சேகர் ‘உரு’ என்னும் பெயரில் கித்தார்களோடு யாழையும் மறுபடி உருவாக்குகிறார் என்றால், அதற்கு அந்தச் சொற்கள் எழுத்தில் எஞ்சியதும் ஒரு காரணம். சொல் எஞ்சினால், அறுந்துபோன கருவியைக்கூட மீட்க முயலலாம்.

ஆனால் இன்று வாழும் கருவியின் சொற்கள் எங்கே எஞ்சியுள்ளன? தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குடம், தண்டி, யாளி, குதிரை, பிரடை, லங்கர், நாகபாசம் என்ற உறுப்புப் பெயர்களைப் பாட்டு வகுப்பு மாணவர் எவரும் சொல்வர். மெழுகில் 24 மெட்டுகளையும் காதால் கேட்டுப் பதிப்பவர் தம் விரல்நுனியில் உணர்வதற்கு என்ன சொல் வைத்திருக்கிறார்? மெழுகு இளகியது, இறுகியது என்பதற்கு இடையே எத்தனை நிலைகள் அவருக்கு உண்டு? ஒரே மரத்தில் குடைந்த வீணையைச் சிலர் ‘ஏகாண்டம்’ என்கிறார்கள், பலர் ‘ஏகாந்தம்’ என்கிறார்கள். ஒற்றைத் துண்டு என்ற பொருளிலிருந்து தனிமை என்ற பொருளுக்கு அந்தச் சொல் நகர்ந்தது எப்போது, யார் வாயில்? இவை சிறிய கேள்விகள் அல்ல. சொற்பிறப்பும் பொருள் மாற்றமும் அறிவுக் கடத்தலும் ஒன்றுகூடும் இடம் இது.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொடங்கிவைத்த தொழிற்சொல் அகராதி வரிசையின் முதல் தொகுதி, உழவுத் தொழில் பற்றியது, 1962இலேயே வெளிவந்தது, அடுத்து நெசவு. தமிழில் 1982இல் கி. ராஜநாராயணனும் பின்னர் பெருமாள்முருகனும் வட்டாரச் சொல்லகராதிகளைத் தொகுத்தார்கள்; இருவரும் அதைச் செய்தது எழுத்தாளர் என்ற நிலையில். தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை 1950களில் பேராசிரியராகப் பணியாற்றியது இதே திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையில். வடசேரியில் பிறந்த வ. ஐ. சுப்பிரமணியம் இங்கே மொழியியல் துறையை வளர்த்து, மலையாளக் கிளைமொழி அளவாய்வை நடத்தி, பின்னர் 1981இல், வீணை செய்யும் தஞ்சாவூரிலேயே, தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். நமக்கு முன்னோர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தொழிற்சொற்களைத் தொகுத்த ஆய்வேடுகள் இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. உள்ளன. பெரும்பாலும் பின்னிணைப்பாக, அகரவரிசைப் பட்டியலாக, நூலக அடுக்கில் உள்ளன. பட்டியல் போதாது என்பதே என் அனுபவம். ‘கனம் – தடிமன், பாரம்’ என்று எழுதிய பட்டியல் என்னிடம் இருந்திருந்தாலும் அந்தப் பலகை தப்பியிருக்காது. ஒரு சொல் எந்தக் கருவி கையில் இருக்கும்போது, எந்த வேலையின் எந்தக் கட்டத்தில், யாரிடம் சொல்லப்படுகிறது என்பதோடு சேர்த்தே அதன் பொருள் நிற்கிறது. கேள்விப்பட்டியலோடு ஒரு நண்பகல் போய்த் தகவலாளியைப் பேட்டி கண்டு திரும்பும் நம் களப்பணி முறையில் அது அகப்படாது. தகவலாளி என்ற சொல்லையே நான் இப்போது ஐயத்தோடு பார்க்கிறேன். தகவல் அவருடையது, அறிவு நம்முடையது என்ற பிரிவினை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, தொழிற்சொல்லை ஆராய்பவர் அந்தத் தொழிலில் ஒரு பொருள் செய்து முடியும் காலம் முழுவதும் உடனிருக்க வேண்டும். வேலை நடக்கும்போது ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, கைவினைஞரின் நேரத்துக்கு ஆய்வு நிதியிலிருந்து கூலி தர வேண்டும். வெளியீட்டில், அவர் விரும்பினால், அவர் பெயர் நன்றியுரையில் அன்றி ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும். மூன்றாவது, தொகுத்தது முதலில் அவர் கைக்குத் திரும்ப வேண்டும். அவர் படித்து, இது தவறு என்று சொல்ல இயல வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. என் தந்தையே கேட்டார். கையால் செய்ததெல்லாம் மேலானது என்று படித்தவர்கள் கொண்டாடுவது ஒரு மோகம் இல்லையா? இரண்டு மாதச் சம்பளத்தை ஒரு பெட்டியில் போட எத்தனை பேருக்கு இயலும்? நியாயமான கேள்வி. நான் மேலே சொன்ன லங்காஸ்டர் ஆய்வு, மரத்தின் அருமையைப் பற்றிய நம் மோகத்தை உடைத்தது. கையின் அருமையைப் பற்றிய மோகத்தையும் இன்னோர் ஆய்வு உடைக்கலாம். ஆலையில் பிறந்த நல்ல கித்தார்கள் உண்டு, பட்டறையில் பிறந்த மோசமான கித்தார்களும் உண்டு. என்னுடையதே சில வாரங்கள் அப்படித்தான் இருந்தது. உதவித்தொகை வாராத மாதங்களில் நானும் இந்தச் செலவை எண்ணி உறங்காமல் இருந்திருக்கிறேன். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கடைக் கித்தார் எனக்குப் பொருந்தாதபோது பத்தாண்டுகள் என்னையே குறை கூறிக்கொண்டேன். இந்தக் கித்தார் பொருந்தாதபோது, ஏன் என்று கேட்க ஒருவர் இருந்தார். தவறு எந்தச் சொல்லில் நேர்ந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. நான் விலை கொடுத்தது அதற்கு.

இப்போது என்னிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. பெட்டியைத் திருத்திய வாரங்களில் அவர் சொன்ன சொற்களை, எந்த வேலையின்போது சொன்னார் என்பதோடு எழுதி வைத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட சொற்கள். முதல் பக்கத்தில் ‘கனம்’. அடுத்த வாரம் அதைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று அவரிடம் படித்துக் காட்டப் போகிறேன். திருத்தம் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். துறையில் யாரேனும் வீணை, மிருதங்கம், நாகசுரம் செய்வோரிடம் இவ்வகையில் வேலை செய்திருந்தால் எழுதுங்கள், சேர்ந்து செய்யலாம். கித்தாரைக் கேட்க விரும்புவோர் மாலை ஐந்துக்கு மேல் காரியவட்டம் வளாகத்து நூலகத்தின் பின்புறம் வரலாம். ‘ஓ’ என்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.